பிஸ்கட் டின்னில் உறங்கும் முகங்கள்: வீட்டிலேயே படம் பெரிதாக்கலாம்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறதா? இல்லாத வீடு குறைவு. பிறப்புப் பத்திரம், தாத்தாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் இருக்கும். அவற்றுக்கும் அடியில், பழுப்பேறிய உறைக்குள் சில கறுப்புப் பிலிம் துண்டுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து, ஓரத்தை மட்டும் விரலால் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் தலைமுடியும் கரிய முகமுமாக யாரோ நிற்பார்கள். அது உங்கள் பாட்டியாக இருக்கலாம். இருபது வயதுப் பாட்டி!

மலாயாவில் 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது, 12 வயது நிரம்பிய எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மூத்தவர்களின் முகம் என்று அந்த அட்டைப் படம் ஒன்று மட்டுமே மிஞ்சிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிறகு வந்த கல்யாணம், காதுகுத்து, தீமிதி, லயத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றது இவையெல்லாம் பட்டணத்து ஸ்டூடியோக்காரர் எடுத்தவை. அல்லது கேமரா வைத்திருந்த ஏதோ ஒரு மாமா எடுத்தவை. பிரிண்டுகளைக் கரையான் தின்றிருக்கும். ஒழுகிய கூரை நனைத்திருக்கும். வீடு மாறும்போது தொலைந்திருக்கும். நெகட்டிவ் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. அந்த லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ நிற்கலாம். நெகட்டிவில் மட்டும் அதன் வாசற்படி இன்னும் இருக்கிறது.

இதிலிருந்து சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் எடுக்கும் கருவிக்கு என்லார்ஜர் என்று பெயர். நாம் ‘பெரிதாக்கி’ என்று வைத்துக்கொள்வோம். “கைப்பேசியிலேயே நெகட்டிவைப் பிடித்து நிறத்தை மாற்றிவிடலாமே!” என்று பிள்ளைகள் சொல்வார்கள். செய்யட்டும், அதுவும் நல்லதுதான். ஆனால் கைப்பேசி பழுதாகும்போது படங்களும் அதோடு போய்விட்ட கதை எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது! முறையாகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கு மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

முதலில் அளவுகோல், பிறகு கருவி

பெரிதாக்கி வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கடைக்குப் போய் “எது நல்ல மார்க்?” என்று கேட்பது. கேட்க வேண்டியது கடைக்காரரை அல்ல, உங்கள் டின்னைத்தான். பள்ளிக்கூட அளவுகோலை எடுத்து நெகட்டிவை அளந்து பாருங்கள். இரு ஓரங்களிலும் பல் போல் துளைகள் இருந்து, படம் 24-க்கு 36 மில்லிமீட்டர் இருந்தால் அது 35 மி.மீ. பிலிம். துளையில்லாமல், படம் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் சதுரமாக இருந்தால் அது 120 பிலிம். மார்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்து எடுக்கும் யாசிகா, ரோலி போன்ற இரட்டைக் கண் கேமராக்களின் அளவு அதுதான். சதுரமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் 8 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், அதே 120 பிலிமில் எடுத்த 6-க்கு 9 படம்.

இந்த அளவு ஏன் முக்கியம்? பெரிதாக்கியின் தலைப்பகுதி எவ்வளவு பெரிய நெகட்டிவை ஏற்குமோ அவ்வளவுதான் ஏற்கும். 35-க்கென்று செய்த சிறிய கருவியில் பாட்டியின் சதுர நெகட்டிவை வைக்கவே முடியாது. சதுரத்துக்கான கருவியிலோ 35-ஐயும் வைக்கலாம். தோட்டத்து வீடுகளின் பழைய படங்களில் 120 நிறைய வரும். ஆகவே சந்தேகம் இருந்தால் 6-க்கு 6, முடிந்தால் 6-க்கு 7 ஏற்கும் கருவியைத் தேடுங்கள். அது கொஞ்சம் கனமாக இருக்கும், விலையும் கூடும். பரவாயில்லை. மலிவென்று சிறியதை வாங்கிவிட்டு, பாட்டியை வெளியே நிறுத்திவிட்டால் வாங்கி என்ன பயன்?

லென்சும் அளவுக்கு ஏற்றபடி மாறும். 35-க்கு 50 மி.மீ. லென்ஸ். சதுர நெகட்டிவுக்கு 75 அல்லது 80. 6-க்கு 9 என்றால் 105. சதுர நெகட்டிவுக்கு 50 லென்சைப் போட்டால் படத்தின் நான்கு மூலையும் இருண்டுவிடும். 80 லென்சில் 35-ஐப் பெரிதாக்க முடியும். ஆனால் தலையை வெகு உயரம் ஏற்றினாலும் படம் சிறிதாகத்தான் விழும்.

ஸ்டூடியோக்காரரின் பெரிய நெகட்டிவ், உள்ளங்கை அளவுக்கு, உங்களிடம் இருந்தால் ஒரு நல்ல செய்தி: அதற்குப் பெரிதாக்கியே தேவையில்லை. இருட்டில் போட்டோத் தாளின் மேல் நெகட்டிவைப் படுக்க வைத்து, மேலே சுத்தமான கண்ணாடியை அழுத்தி, இரண்டொரு நொடி வெளிச்சம் காட்டினால் அதே அளவில் பிரிண்ட் கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் பெரும்பாலான படங்கள் அப்படித்தான் போடப்பட்டன. 1857-இல் அமெரிக்காவின் உட்வர்ட் என்பவர் சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பிப் படம் பெரிதாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வெயில் நகர நகரக் கருவியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம்! 1925-இல் ஜெர்மனியின் லைக்கா கேமரா சந்தைக்கு வந்து, தபால் தலை போன்ற சிறு நெகட்டிவ் பரவிய பிறகுதான் பெரிதாக்கி வீடுகளுக்குள் நுழைந்தது.

நெகட்டிவ் இல்லை, பழைய பிரிண்ட்தான் இருக்கிறது என்றால் பெரிதாக்கியால் நேரடியாகப் பயனில்லை. அந்தப் பிரிண்டைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் மறுபடி படமெடுத்து, புது நெகட்டிவ் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கலர் நெகட்டிவையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதன் ஆரஞ்சு நிறம் கறுப்பு வெள்ளைத் தாளில் மங்கலான படத்தையே தரும்.

எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது

புதிய கருவிகள் இன்றும் சில செய்யப்படுகின்றன. நமக்கு ஏற்றவை பழையவையே. இத்தாலியின் டர்ஸ்ட், செக் நாட்டு மியோப்டா, ஜப்பானின் லக்கி, எல்.பி.எல். இவற்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பழைய ஸ்டூடியோ நடத்தியவர்களின் மாடியறையில் தூசி மூடிக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி வாங்கினால் தட்டு, இடுக்கி, நேரக் கடிகாரம், தாளைப் பிடிக்கும் சட்டம் எல்லாம் சேர்ந்து வரும். தனித்தனியாக வாங்கினால் கருவியை விட அவை அதிகம் தின்றுவிடும்.

கருவியை மேசையில் வைத்துத் தலையை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆட்டம் உடனே அடங்க வேண்டும். தென்னங்கீற்று போல ஆடிக்கொண்டே இருந்தால் படம் ஒருநாளும் கூர்மையாக வராது. உயரம் ஏற்றும் திருகு, கூர்மை சரிசெய்யும் திருகு இரண்டையும் சுற்றிப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம் உங்கள் அளவுக்கு உரியது உடன் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய கருவிக்குத் தனியாக அதைத் தேடி அலைவது பெரும்பாடு. சில கருவிகளில் நெகட்டிவின் அளவு மாறும்போது உள்ளே இருக்கும் வெளிச்சம் குவிக்கும் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது லென்ஸ். நம் நாட்டின் புழுக்கத்தில் லென்சுக்கு எதிரி பூஞ்சைக் காளான். லென்சைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழைகள் தெரிந்தால் வேண்டாம். கருவி நன்றாக இருந்து லென்ஸ் மட்டும் கெட்டிருந்தால் கவலைப்படாதீர்கள். பெரும்பாலான பெரிதாக்கிகளில் 39 மி.மீ. மரையுள்ள லென்ஸ் பொருந்தும். நிக்கோர், ஷ்னைடர், ரோடன்ஸ்டாக் லென்சுகள் பழைய சாமான்களில் கிடைக்கும். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். கருவிக்குச் செலவழிப்பதை விட லென்சுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் பெரிதாக்கி ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான். கடைக்காரர் பிளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பெருமையோடு சுவிட்சைப் போட்டேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். பிறகு நிஜமாகவே இருட்டறை! ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கோ 230, 240. தலைப்பகுதியிலோ பல்பிலோ எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். சாதாரண பல்பு போடும் கருவி என்றால் நம் வோல்ட்டுக்கு உரிய பால்வெள்ளைப் பல்பை மாற்றினால் போதும். அதற்கு முன் ஹோல்டரும் வயரும் நம் மின்சாரத்தைத் தாங்குமா என்று மின்வேலை தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். பல்பின் நெற்றியில் எழுத்து அச்சடித்திருக்கக் கூடாது. இருந்தால் அந்த எழுத்தின் நிழல் படத்தில் விழும். ஹாலஜன் விளக்குள்ள கருவிக்குத் தனி மின்பெட்டி உண்டு. அது இல்லாமல் கருவியை மட்டும் தந்தால் வாங்காதீர்கள்.

இருட்டறை எங்கே?

தனி அறை வேண்டியதில்லை. இரவில் சமையலறையோ குளியலறையோ போதும். சன்னலை மறைக்கச் செம்பனை நாற்றுப் பை செய்யும் கறுப்பு பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினால் சொட்டு வெளிச்சம் வராது. கதவின் கீழே பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். பிறகு விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் தெரியாத ஓட்டையெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். விடியுமுன் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருட்டுக்குக் கண் பழக நேரம் வேண்டும்.

பெரிதாக்கி ஒரு பக்கம், தண்ணீரும் தட்டுகளும் எதிர்ப்பக்கம். இதில் சமரசம் வேண்டாம். ஈரக் கையோடு இரும்புக் கருவியைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. மூன்று முனை பிளக், காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துண்டு. பலகைத் தரை வீடாக இருந்தால், படம் விழும் நேரத்தில் யாரும் நடக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

வேலைக்குச் சிவப்பு விளக்கு போதும், தாளிலிருந்து நான்கடி தள்ளி. கடையில் வாங்கிய சிவப்புப் பல்பெல்லாம் நம்பத்தக்கவை அல்ல. சோதிக்க எளிய வழி: போட்டோத் தாளின் ஒரு துண்டில் காசு ஒன்றை வைத்துச் சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு அந்தத் துண்டைக் கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கு ஆகாது.

மூன்று தட்டுகள். முதலாவதில் டெவலப்பர், இரண்டாவதில் நிறுத்தும் அமிலம், மூன்றாவதில் ஹைப்போ. இரண்டாவது தட்டின் வாடை உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கத் தோட்டங்களில் பயன்படுத்திய அசெட்டிக் அமிலமேதான். அதை மிகவும் நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். சமையல் வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்தாலும் வேலை நடக்கும். அடர்ந்த அமிலத்தைக் கையாள நேர்ந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். களைக்கொல்லியை அப்படி ஊற்றி வைத்ததால் தோட்டங்களில் நேர்ந்த சாவுகள் போதும். தனிப் போத்தல், பெரிய எழுத்தில் பெயர், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரம். இந்தத் தட்டுகள் சமையலுக்குத் திரும்பவே கூடாது.

டெவலப்பரின் சரியான சூடு 20 டிகிரி. நம் குழாய்த் தண்ணீரோ 28-க்குக் குறையாது. அகலமான தொட்டியில் ஐஸ் தண்ணீர் விட்டு, அதில் டெவலப்பர் தட்டை மிதக்க வையுங்கள். ஐஸ் கட்டியை மருந்துக்குள்ளேயே போட்டால் மருந்து நீர்த்துவிடும். 22, 23 வரை இருந்தாலும் குற்றமில்லை. இரவு முழுவதும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம்.

படம் பிறக்கும் நேரம்

தாள் வாங்கும்போது ‘மல்டிகிரேட்’ என்று கேளுங்கள். இங்கிலாந்தின் இல்போர்டு இதை 1940-இல் கொண்டுவந்தது, இன்றும் செய்கிறது. செக் நாட்டு போமா தாளும் கிடைக்கும். 2005-இல் கறுப்பு வெள்ளைத் தாளை நிறுத்திய கோடாக்கின் பழைய பொட்டலங்களை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், பெரும்பாலும் புகைபிடித்தாற்போல் மங்கியிருக்கும். மல்டிகிரேட் தாளுக்கென்று எண் போட்ட வண்ண வடிகட்டிகள் உண்டு. 2-இல் தொடங்குங்கள். மங்கிப்போன பழைய நெகட்டிவுக்கு 4 வைத்தால் முகம் எழும்பி வரும். வெள்ளையும் கறுப்பும் முரட்டுத்தனமாகப் பிரிந்திருந்தால் 1. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாள் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. இரண்டே நிமிடத்தில் கழுவி முடியும். பூச்சில்லாத தாள் அழகுதான், ஆனால் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓட வேண்டும்.

நெகட்டிவின் தூசியை மெல்லிய தூரிகையால் துடைத்து, மங்கலான பக்கம் கீழே இருக்கும்படி சட்டத்தில் வையுங்கள். அறை விளக்கை அணைத்து, லென்சை முழுதாகத் திறந்து, வெள்ளைத் தாளில் கூர்மை பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், கண்ணிமை, சேலைக் கரை, நெற்றிப் பொட்டின் விளிம்பு இவற்றைப் பாருங்கள். பிறகு லென்சை 8-க்கு மூடுங்கள்.

எத்தனை நொடி வெளிச்சம்? இதை யாரும் சொல்லித் தர முடியாது, தாள்தான் சொல்லும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முகம் விழும் இடத்தில் வையுங்கள். முழுத் துண்டுக்கும் 4 நொடி. பிறகு அட்டையால் ஐந்தில் ஒரு பங்கை மூடி இன்னும் 4 நொடி. இப்படியே நகர்த்தினால் 4, 8, 12, 16, 20 என்று ஐந்து படிகள் விழும். கழுவிப் பார்த்து, எந்தப் படியில் முகம் முகமாக இருக்கிறதோ அந்த நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைத் துண்டுக்குக் கஞ்சத்தனம் பட்டு, முழுத் தாளாக வீணாக்குகிறவர்களே அதிகம். படத்தின் அளவை மாற்றினால் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். தலை உயர உயர வெளிச்சம் குறையும். தாளின் பரப்பு இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

இப்போது முழுத் தாள். வெளிச்சம் காட்டி, டெவலப்பரில் வழுக்கி விடுங்கள். தட்டின் ஒரு மூலையை மெதுவாகத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பத்துப் பதினைந்து நொடி ஒன்றுமே இருக்காது. பிறகு முதலில் தலைமுடி வரும், அப்புறம் கண்கள். வீட்டுப் பெரியவர் யாராவது பக்கத்தில் நிற்கட்டும். என் வீட்டில் அம்மா நின்றார்கள். “அடியே, இது நம்ம ஆயா சேலை!” என்று அக்காவைக் கூப்பிட்டார்கள், முகம் வருவதற்கு முன்பே. அந்தப் பரபரப்பில் தாளை அவசரமாக வெளியே எடுத்துவிடாதீர்கள். ஆர்.சி. தாளுக்கு ஒரு நிமிடம் முழுதாகக் கொடுக்க வேண்டும். படம் சீக்கிரம் கறுக்கிறதே என்று பயந்து எடுத்தால் சேறு போல் இருக்கும். அப்படிக் கறுத்தால் அடுத்த முறை வெளிச்சத்தைத்தான் குறைக்க வேண்டும். பிறகு அமிலத்தில் சில நொடி, ஹைப்போவில் போத்தலில் போட்டிருக்கும் நேரம், அப்புறம் ஓடும் தண்ணீர். தீர்ந்துபோன ஹைப்போவில் போட்ட படம் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். ஆகவே இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

முகம் கறுத்தும் பின்னால் வானம் வெளுத்தும் இருந்தால், கம்பி நுனியில் காசளவு அட்டை ஒட்டி, வெளிச்சம் விழும்போது முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே இருங்கள், முகம் தெளியும். நிறுத்தினால் அட்டையின் நிழல் விழுந்துவிடும்.

டின்னுக்குள் இருக்கும் ஆபத்து

உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். பக்கத்தில் இருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். அந்த உறையைப் பிரித்து வைத்து, அதைத்தான் முதலில் பிரிண்ட் போட வேண்டும். சுருங்கி நெளிந்த பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

1950-களுக்கு முந்திய நெகட்டிவ் என்றால் ஓரத்தில் ‘சேப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பழைய பிலிம், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையாக இருக்கக்கூடும். அதைச் சூடான விளக்கின் கீழ் வைக்காதீர்கள், அடுப்படியிலும் வைக்காதீர்கள். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிரிண்ட் காய்ந்ததும் கண்ணாடி போட ஓடாதீர்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் ஒவ்வொரு முகமாகக் காட்டிக் கேளுங்கள்: இவர் யார், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், என்ன விசேஷம்? ஆர்.சி. தாளின் முதுகில் பென்சில் சரியாகப் பிடிக்காது. அழியாத மைப்பேனாவால் ஓரத்தில் மட்டும் எழுதி, மை நன்றாக உலர்ந்த பிறகு அடுக்கி வையுங்கள். நெகட்டிவைப் புது உறையில் போட்டு அதன் மேலும் அதையே எழுதுங்கள். பிஸ்கட் டின் இனி பிஸ்கட்டுக்கே இருக்கட்டும்.